அக்னஸ் ஜீப்பின் அடிநட்டு

ஜீப்பின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. ஸ்பேனரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் குதிகால்கள் மண்ணில் ஊன்றிப் பள்ளம் பறித்தன.

“என்னாக்கா, வருதா?”

“வந்தா நான் எதுக்குடா இன்னும் உள்ள படுத்துக்கினு இருக்கேன்? காத்து வாங்கவா?”

கால்கள் அக்னஸுடையவை. கேட்டவன் அவள் தம்பி ஆரோக்கிய ஜெனித். இடம், மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஊர். பெயர் வேண்டாம். அதே மாதிரி ஊர்கள் அந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குவதற்கு ஒரு தகரத் தொட்டி இருக்கும். அதன் அடிவயிற்றில் ஒரே ஒரு நட்டு. அதைக் கழற்றினால் பழைய ஆயில் தானாக இறங்கிவிடும். பத்து நிமிட வேலை. அக்னஸ் அதைப் பலமுறை செய்தவள். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, முன்சக்கரங்களைக் கருங்கல் பலகைகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கீழே அலுமினியத் தாம்பாளத்தைத் தள்ளிவிட்டு, அவள் படுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. நட்டு பிறந்ததிலிருந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் கிடந்தது.

மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தாள். சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தாள். ஸ்பேனர் ஒருமுறை வழுக்கி விரல் முட்டிகள் தோலுரிந்தன. நட்டின் ஒரு மூலை மழுங்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு மூலையும் மழுங்கினால் உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், தொட்டி கிழியும்.

“ஒர்க்‌ஷாப்புல உட்டுடுக்கா.”

“உட்டா? பொழுது சாய்ற வரிக்கும் வாசல்ல நிக்கணும். டிரைவர் எங்கம்மான்னு கேப்பான். நான்தான்னு சொன்னா, தமாஷ் பண்ணாத, டிரைவர் எங்கன்னு மறுக்கா கேப்பான்.”

அது உண்மை. அக்னஸ் திண்டிவனத்தில் ஒரு கன்னியர் மடத்தில் பாத்திரம் துலக்கப் போனவள். அங்கே டிரைவர் குடித்துவிட்டு வராமல் போன ஒரு காலையில், வண்டியைக் கழுவும்போது முன்னும் பின்னும் நகர்த்திப் பழகியிருந்த அவளிடம் சிஸ்டர்கள் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர்கள் டிரைவர் தேடவில்லை. மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தலைநகரான அடுத்த வருடம் மடத்துக்குப் புது வேன் வந்தது, பழைய ஜீப் அக்னஸிடம் வந்தது. காலனிக்கு வந்த முதல் நான்கு சக்கர வண்டி அது.

ஊர்த்தெருவில் கார்கள் உண்டு. மாசிலாமணி என்பவருக்கு வாடகைக்கு ஓட்ட இரண்டு கார், ஒரு வேன். அந்தக் கார்கள் கல்யாணத்துக்குப் போகும், வேளாங்கண்ணிக்குப் போகும், பாண்டிச்சேரிக்குப் போகும். காலனிக்கு மட்டும் வராது. பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏரிக்கரைவரை கட்டிலில் தூக்கி வந்தால் ஏற்றிக்கொள்வார்கள், அதுவும் சீட்டின் மேல் சாக்கு விரித்து. இத்தனைக்கும் ஊர்த்தெருவும் கத்தோலிக்கர், காலனியும் கத்தோலிக்கர். கோயில் ஒன்றுதான். உள்ளே உட்காரும் பக்கம் இரண்டு. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர். தேர் வரும் தெருக்களில் காலனித் தெரு இல்லை. கோயில் வாசலில் நெற்றியில் தொட்டு வைக்கும் தீர்த்தத்துக்குக் கல் தொட்டிகளும் இரண்டு. கிறித்தவர்களாகிவிட்டதால் சட்டத்தின் கண்ணில் இவர்கள் தாழ்த்தப்பட்டோர் இல்லை, வன்கொடுமைச் சட்டம் இவர்களுக்காகப் பேசாது. ஊரின் கண்ணில் மட்டும் ஞானஸ்நானத் தண்ணீர் எதையும் கழுவவில்லை.

ஆக அக்னஸின் ஜீப் வந்தபோது அது வெறும் ஜீப் இல்லை. காலையில் கூலிக்குப் போகிறவர்களைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் விடும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றும். எந்த நேரமானாலும் கதவைத் தட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். அதன் பின்சீட்டில் பிறந்த ஒரு குழந்தைக்கு ‘ஜீப்மேரி’ என்று பட்டப்பெயரே இருந்தது.

அந்த ஜீப்புக்கு அந்த வருடம் ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. மேடு ஏறத் திணறியது. அதைவிட விசித்திரம், என்ஜினில் ஆயில் அளவைப் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால், ஆயில் கூடிக்கொண்டே வந்தது. ஓடுகிற வண்டியில் ஆயில் குறையுமே தவிர கூடாது. அக்னஸ் இதை அம்மா சூசை மேரியிடம் வாய்விட்டுச் சொன்னபோது அம்மா முகம் மலர்ந்தது.

“கூடத்தானே செய்யுது? கோயில்ல வாசிச்சாங்களே, எண்ணெ கொறையாத ஊடுன்னு. நல்லதுதான் பாப்பா.”

“எம்மா, இது தோசைக்கு ஊத்தற எண்ணெ இல்ல.”

சூசை மேரி சிரித்துக்கொண்டே களையெடுக்கப் போய்விட்டாள்.

இப்போது நட்டு. ஜெனித் சும்மா நிற்க முடியாமல் போய், உடைந்துபோன கைப்பம்பின் இரும்புப் பிடியைக் கொண்டுவந்தான். குழாய்போல உள்ளே பொள்ளல். ஸ்பேனரின் வாலில் மாட்டினால் நீளம் இரண்டு மடங்காகும், பலமும் அப்படியே.

“இரு, மெதுவா. ஒனக்கு ஏதாச்சும் ஆனா போலீசு வேல போயிடும். கை காலு ஒழுங்கா இருக்கணும்.”

ஜெனித் காவலர் தேர்வில் ஓட்டம், கயிறு, எழுத்து எல்லாம் தாண்டியிருந்தான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, இவன்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போவது. ஒரு சண்டை, ஒரு புகார், ஒரு கையெழுத்து போதும், அத்தனை வருட ஓட்டமும் மண்ணாகிவிடும். அதனால் அந்த மாதம் முழுக்க அவனைக் கோழிக்குஞ்சு மாதிரி வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தாள் அக்னஸ். டீக்கடைக்குக்கூடத் தனியாக அனுப்பவில்லை.

“கழட்ற பக்கம் இழுக்காத. மொதல்ல முடுக்கற பக்கம் கொஞ்சம் தள்ளு.”

“முடுக்கறதா? பைத்தியமா ஒனக்கு?”

“துரு உடையணும்னா அதுக்கு ரெண்டு பக்கமும் காட்டணும். தள்ளு.”

ஜெனித் உட்கார்ந்து குழாயைக் காலால் உதைத்தான். உள்ளே எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம். பல் உடைகிற சத்தம். பிறகு எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். கிறீச்சென்று அலறிக்கொண்டு நட்டு திரும்பியது. மீதியை அவள் விரலாலேயே சுற்றினாள். மரையெல்லாம் செக்கச் செவேலென்று துரு. ஆயிலில் ஊறிக்கிடக்கும் நட்டு துருப்பிடிக்க வழியே இல்லை. அதை யோசித்து முடிப்பதற்குள் நட்டு கையில் விழுந்தது.

ஆயில் வரவில்லை.

தண்ணீர் வந்தது.

பழுப்பாய், மெல்லிசாய், மணிக்கட்டில் வழிந்து, சட்டைக்கைக்குள் புகுந்து அக்குள்வரை ஓடியது. அக்னஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளால் முடியவில்லை. தண்ணீர் நின்றதும் அடுத்து ஒன்று இறங்கியது. அது ஆயிலும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடையில் வாங்கிய கெட்டிக் காப்பியில் நுரை கலந்ததுபோல் வெளுத்த பழுப்பில், கொழகொழவென்று தாம்பாளத்தில் சுருண்டு விழுந்தது. அதற்கும் பின்னால்தான் கறுப்பு ஆயில் வந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு வருவதுபோல்.

“அக்கா… என்னா இது?”

அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். முகத்தில் பாதி கறுப்பு, பாதி பழுப்பு. நேராகப் போய் ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தாள். உள்ளே தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. என்ஜினில் ரேடியேட்டர் தண்ணீர் கசிந்தால் இங்கே குறைந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் குறையவே இல்லை. மழையில் நனைந்து இறங்கவும் வழியில்லை, ஆயில் ஊற்றும் மூடி இறுக்கமாக இருந்தது. அப்படியென்றால் யாரோ அந்த மூடியைக் கையால் திறந்து, தண்ணீரை ஊற்றி, மறுபடி கையால் மூடியிருக்கிறார்கள்.

“ஊத்தியிருக்காங்கடா,” என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. “ஒரு தபா இல்ல. பல தபா. என்ஜின் சீஸ் ஆவட்டும்னு ஊத்தியிருக்காங்க.”

நடுவழியில், ஒரு பிரசவக்காரியை வைத்துக்கொண்டு, இந்த என்ஜின் இறுகி நின்றிருந்தால்?

ஜெனித்துக்கு ஞாபகம் வந்தது, அவளுக்கும் வந்தது. மே மாதத் திருவிழா. கோயில் முன்னால் ஊர் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன, மந்திரிப்புக்கு. பங்குச் சாமியார் ஒவ்வொரு வண்டியாக வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, என்ஜின்மேல் தீர்த்தம் தெளித்து, ஒரு செபம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். கார், வேன், டிராக்டர், மொபெட். வரிசையின் கடைசியில் அக்னஸின் ஜீப். அவளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. மந்திரித்த வண்டி டீசல் கம்மியாகக் குடிக்குமா என்று கேட்கிறவள் அவள். அம்மாவின் பிடிவாதத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். முன்னால் இருந்த மொபெட் முடிந்ததும் மாசிலாமணி சாமியாரின் காதில் ஏதோ சொன்னார். சாமியார் சின்ன வயசு, ஊருக்குப் புதுசு. கடிகாரத்தைப் பார்த்தார். “சாப்பாட்டுக்கு நேரமாச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா,” என்று அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சூசை மேரி திறந்து வைத்த பானெட்டுக்குப் பக்கத்தில் கைகூப்பியபடியே நின்றாள். தெய்வத்தின் பேரால் தெளிக்கிற தண்ணீருக்கும் சாப்பாட்டு மணி உண்டு என்று அன்று தெரிந்தது. மாசிலாமணி திரும்பி நடக்கும்போது எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “காலனி ஜீப்பு எத்தினி நாளிக்கு ஓடுதுன்னு நானும் பாக்கறேன்.”

“அந்தாளுதான்,” என்றான் ஜெனித்.

“டேய், இரு. யோசிக்கலாம்.”

“என்னா யோசிக்கறது? வேற எவன்?”

“ஜெனித், ஒனக்கு வெரிஃபிகேசன் இருக்குது…”

அவன் அதற்குள் ஸ்பேனரிலிருந்து இரும்புக் குழாயை உருவிக்கொண்டு ஏரிக்கரையில் பாதிதூரம் போய்விட்டான். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன்.

அக்னஸ் பின்னால் ஓட எழுந்தபோது எதிரே அம்மா வந்தாள். பூசை முடிந்து வந்தவள். தலையில் முக்காடு இன்னும் எடுக்கவில்லை. மடியில் எதையோ சொருகியிருந்தாள். கல்மேல் ஏறி நிற்கும் ஜீப்பையும் தாம்பாளத்தையும் பார்த்து அவள் முகம் வாடிப்போயிற்று.

“ஐய, அதுக்குள்ள எறக்கிட்டியா? இந்த வாரத்துது இன்னும் ஊத்தவே இல்லியே!”

மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வெளியே வந்தது. காய்ச்சல் மருந்து வந்த குப்பி. அதில் தண்ணீர்.

“எம்மா. அது என்னா?”

“தீர்த்தம். நீ திட்டுவன்னுதான் சொல்லல. ஞாயித்துக்கெழம மத்தியானம் நீ கண்ணசர்றப்ப ஊத்திக்கினு வர்றேன். அவங்க வண்டிக்கெல்லாம் என்ஜின் மேல தெளிச்சாரு. வெளிய தெளிச்சதுக்கே அந்த வண்டிங்கல்லாம் அப்படி ஓடுதே, நம்ம வண்டிக்கு வாய்க்குள்ளயே ஊத்தினா ஒண்ணும் ஆவாதுன்னு…” அவள் குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தாள். ஓரமாய்ப் பிரிந்து நின்ற தண்ணீரைக் கண்டதும் கண் விரிந்தது. “பாரேன், கெடாம அப்படியே இருக்குது!”

உலகத்தில் யாரையாவது கொல்ல வேண்டும்போலவும் யாரையாவது கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் ஒரே சமயத்தில் தோன்றுமானால், அந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால், மனிதர் என்ன செய்வார்? அக்னஸ் ஓடினாள். ஜீப்பை எடுக்க முடியாது, அதன் வயிற்றில் ஓட்டை. எண்ணெய் அப்பிய முகத்தோடு, தம்பியின் பழைய சட்டையோடு, செருப்பில்லாமல், ஏரிக்கரையில் ஓடினாள். “என்னா பாப்பா? என்னா ஆச்சு?” என்று அம்மா பின்னாலேயே வந்தாள்.

மாசிலாமணியின் வீடு கோயிலுக்கு நேர் எதிர். ஞாயிறு பூசை விட்டதும் ஊர் ஆண்கள் அந்த வாசலில் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் கறி எடுக்கப் போவார்கள். ஜெனித் அங்கே போய் நின்றபோது வாசல் நிறைய ஆள். இனி நடந்ததைப் பார்த்தவர்கள் பலர். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

“யோவ் மாசிலாமணி! எங்க அக்கா ஜீப்பு என்ஜின்ல நீதான தண்ணி ஊத்தின?”

மாசிலாமணி உண்மையிலேயே திகைத்தார். “என்ஜின்ல தண்ணியா?” என்று வாய் திறந்தது. ஆனால் அவரைச் சுற்றி நாற்காலிகள் இருந்தன. நாற்காலிகளில் கண்கள் இருந்தன. காலனிப் பையன் ஒருவன் ‘யோவ்’ என்று கூப்பிட்டு, கையில் இரும்போடு, வாசலில் நின்று கேட்கிறான். ‘நான் இல்லப்பா’ என்றால் அது பதில் சொன்னதாகிவிடும். பதில் சொன்னால் பயந்ததாகிவிடும். திகைப்பு அவர் முகத்தில் நிற்கக்கூட நேரமில்லாமல் போயிற்று. அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஆமாண்டா. நான்தான் ஊத்தினேன். என்னாடா பண்ணுவ?”

தெரு திரும்பும் இடத்தில் ஓடி வந்துகொண்டிருந்த அக்னஸ் இதைக் காதால் கேட்டாள். அவள் கால்கள் நின்றன. அன்று காலை அவள் கையில் தண்ணீர் வழிந்தபோது ஏற்பட்டது அதிர்ச்சி என்றால், இதற்கு வேறு சொல் வேண்டும். செய்யாத குற்றத்தை அடி தாங்காமல் ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. செய்யாத குற்றத்தைக் கௌரவத்துக்காக ஒருவன் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்வதை அவள் அன்றுதான் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். நாற்காலிகளில் ஒருவர் முகமும் மாறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியை நாசமாக்கினேன் என்கிறான் ஒருவன். தெரு அதை வெயில் அடிக்கிறது என்பதுபோல் கேட்டுக்கொண்டது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜெனித்தின் கை உயர்ந்தது. பாய்ந்து வந்து குழாயின் மறுமுனையைப் பிடித்தாள் அக்னஸ்.

“உட்றா.”

“ஊத்தினேன்றான்க்கா!”

“ஊத்தலடா. உடு.”

குழாயைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். அந்தத் தெருவில் காலனிக்காரர்கள் மாசிலாமணியை ‘ஐயா’ என்பது வழக்கம். அக்னஸ் மடத்தில் பழகியபடி ‘சார்’ என்பாள். அதுவே பலருக்கு எரியும்.

“மாசிலாமணி சார், நீங்க ஊத்தல.”

“ஏய், நான் ஊத்தினேன்றேன்.”

“எப்ப ஊத்துனீங்க?”

“போன வாரம். ராத்திரி.”

ஜன்னலிலிருந்து அவர் மனைவி ரோஸ்லினின் குரல், கவலையோடு: “ஏங்க, போன வாரம் பூரா இடுப்புப் புடிச்சிக்கினு கட்டில்லயேதான கெடந்தீங்க? வெளிக்குப் போறதுக்கே நான்தான இட்டுக்கினு போனேன்?”

“நீ உள்ள போடி!”

“எதுல ஊத்துனீங்க சார்?” அக்னஸ் விடவில்லை.

“எதுல ஊத்துவாங்க? டீசல் டேங்க்லதான்.”

“டேங்க்ல ஒரு சொட்டு இல்ல. இருந்தது ஆயில்ல.”

நாற்காலிகளில் யாரோ செருமினார்கள். மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு முன்னால் ஒரு வாசல் திறந்திருந்தது, ‘சரி, நான் ஊத்தல’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். காலனிப் பெண் ஒருத்தி திறந்துவிட்ட வாசல் வழியாக வெளியே வர அவர் தயாராக இல்லை. “எதுல ஊத்துனா என்னா, ஊத்துனது நான்தான்,” என்றார்.

கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவது, மணி அடிப்பது, தொட்டிகளில் தீர்த்தம் நிரப்புவது எல்லாம் உபதேசியார் சவரிராயனின் வேலை. அவர் கூட்டத்தின் ஓரத்திலிருந்து கேட்டார்: “அப்ப நெசமா யாரும்மா ஊத்துனது?”

‘தெரியல’ என்று சொல்லிவிட்டு அக்னஸ் தம்பியை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். தெரு முழுக்க அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பொய்யான ஒரு குற்றத்தை ஒருவர்மேல் விட்டுவிட்டுப் போவது, அவரே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாலும், அவளுக்கு முடியவில்லை.

“எங்கம்மா. தீர்த்தம்னு ஊத்தியிருக்குது. அன்னிக்கு எல்லார் வண்டியும் மந்திரிச்சீங்க. எங்க வண்டி முறை வந்தப்ப சாமியாருக்குப் பசி எடுத்துடுச்சு. அதான் அதுவே மந்திரிச்சிக்கிச்சு.”

எதிர்பார்த்த சிரிப்பு எழுந்தது. நாற்காலிகள் குலுங்கின. சவரிராயன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“காலனித் தொட்டில நான் எங்க தண்ணி ஊத்தறேன்? அது பாதி நாளு காஞ்சில்ல கெடக்குது. இவ்ளோ தீர்த்தம் ஏது?”

பின்னாலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சூசை மேரியே சொன்னாள். அவளுக்கு எதையும் மறைக்கத் தோன்றவில்லை. கேட்டார்கள், சொன்னாள்.

“உங்க தொட்டிலதாங்க மொண்டேன். எல்லாரும் போன பெறவு. உங்க வண்டிங்க நல்லா ஓடுதே, அந்தத் தண்ணிக்குத்தான் பலம் ஜாஸ்தின்னு…”

சிரிப்பு அறுந்தது.

அப்போதுதான் தெரு அதிர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. அரைமணி நேரத்துக்கு முன் அதே தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போட்ட நெற்றி. பக்கத்திலிருந்தவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “தொட்டில கைய உட்டாளா? நம்ம தொட்டிலயா?” ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு வண்டியைக் கெடுத்தேன் என்று ஒருவர் வாயாரச் சொன்னபோது அசையாத தெரு அது. அந்த வண்டியோடு சேர்ந்து யார் யார் உயிர் போயிருக்கும் என்று ஒரு தலையும் கணக்குப் போடவில்லை. ஒரு பெண் மருந்துக் குப்பியில் தண்ணீர் மொண்டாள் என்றதும் அதற்கு உயிர் வந்துவிட்டது.

“எத்தினி நாளா?” என்று கத்தினார் மாசிலாமணி.

அக்னஸ் முந்திக்கொண்டாள். குழாயைத் தரையில் ஊன்றி நின்றாள். எண்ணெய் அப்பிய முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

“மே மாசத்துலேர்ந்து சார். வாராவாரம் எங்கம்மா கை பட்ட தண்ணியத்தான் எல்லாரும் நெத்தில வெச்சிக்கினு இருந்தீங்க. யாருக்காச்சும் ஒடம்புக்கு வந்துச்சா? வயித்தால போச்சா? மல்லாட்ட வெளையாம போச்சா? அந்தத் தண்ணியால கெட்டுப்போன ஒரே ஜீவன் என் ஜீப்புதான்.”

ஜன்னலுக்குள் ரோஸ்லின் சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல் வெடித்த சிரிப்பு. “இடுப்பே அந்தத் தண்ணிய வெச்ச பெறவுதானங்க சரியாச்சு,” என்று வேறு சொன்னாள். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோபத்தாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து அக்னஸ் ஒரு கையில் தம்பியையும் ஒரு கையில் குழாயையும் பிடித்துக்கொண்டு அம்மாவை முன்னால் விட்டு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

ஏரிக்கரை வந்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள். ஜெனித்தும் பக்கத்தில் உட்கார்ந்தான். தூக்கிய கையை ஒரு கண நேரம் தாமதமாக அவள் பிடித்திருந்தால், செய்யாத காரியத்துக்கு ஒருவர் மண்டை உடைந்திருக்கும், இவன் வாழ்க்கையும் அதே இடத்தில் உடைந்திருக்கும்.

மாசிலாமணி ஸ்டேஷனுக்குப் போவார் என்று அந்த வாரம் முழுக்கக் காலனி காத்திருந்தது. அவர் போகவில்லை. போக முடியாது. இரும்போடு வந்தான் என்று எழுதிக்கொடுத்தால், எதற்கு வந்தான் என்று கேட்பார்கள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன் என்று அவர் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கிறது. அவருடைய வீம்பே அவர் வாயைக் கட்டிப்போட்டது. விசாரணைக்கு வந்த ஏட்டு டீ குடித்துவிட்டுப் போனார். ஜெனித் பயிற்சிக்குக் கிளம்பினான்.

ஜீப் பிழைத்தது. அன்று மதியமே அக்னஸ் டீசலை ஊற்றி என்ஜின் வயிற்றைக் கழுவினாள். மரை தின்ற நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திண்டிவனத்திலிருந்து புதுசு வாங்கி வந்தாள். சாமியார் தீர்த்தம் மந்திரிக்கும்போது ஒரு கை உப்பு போடுவார். ஆயிலைவிடக் கனமான உப்புத்தண்ணீர் அடியில் தங்கி மரையைத் தின்றிருக்கிறது. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னாள். சூசை மேரி முழுசாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“அப்ப இனிமே எங்க ஊத்தறது?”

அக்னஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்ற அதே முகம். ரேடியேட்டர் மூடியைக் காட்டினாள்.

“இதுல ஊத்து. இதுக்குத் தண்ணி வேணும். ஜல்தியா ஊத்தாத, வண்டி ஆறுன பெறவு. உப்புப் போட்டது மட்டும் வாணாம்.”

ஊர்த்தெரு சும்மா இருக்கவில்லை. சாமியாரிடம் போய்க் கத்தினார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். மாசிலாமணி தன் செலவில் அதற்கு ஓர் இரும்பு மூடி செய்து போட்டு, பூட்டும் போட்டார். ஆம், தீர்த்தத்துக்குப் பூட்டு. சாவி சவரிராயனிடம். பூசைக்கு முன் திறக்க வேண்டும், பின் பூட்ட வேண்டும். சில மாதம் திறந்தார். பிறகு சாவியைத் தேட நேரமில்லாமல் போயிற்று. பிறகு சாவியே இல்லாமல் போயிற்று. பூட்டிய தொட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று அவர் காலனித் தொட்டியை மட்டும் நிரப்பத் தொடங்கினார். முதலில் ஊர்த்தெருக் குழந்தைகள் அதில் விரலை நனைத்தன. அப்புறம் அவசரத்தில் வந்த பெண்கள். கடைசியாக, யாரும் பார்க்காத நேரத்தில், பெரிய மனிதர்கள். யாருக்கும் மனம் மாறியதாகத் தகவல் இல்லை. மழைநாளில் சாவி தேட யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்துச் சுவர் இன்னும் நிற்கிறது. அதற்குச் சாவி கிடையாது.

மாசிலாமணி சாகும்வரை அந்தப் பேச்சை மறுக்கவில்லை. அன்று தெருவில் இல்லாத இளசுகள், ‘காலனி ஜீப்புல தண்ணி ஊத்துனவரு’ என்று அவரைப் பெருமையாகச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வாராம். சூசை மேரிக்கு மட்டும் அது பொறுக்காது. “ஊத்துனது நானு. பேரு அந்தாளுக்கா?” என்பாள்.

108 வண்டி வந்தபிறகு அக்னஸின் ஜீப்புக்கு ஆஸ்பத்திரி வேலை குறைந்தது. அந்தச் சமயத்தில் கோயிலுக்கு வந்த புதுச் சாமியார் வாசலைச் சீரமைக்க நினைத்தார். பூட்டிய தொட்டியைத் திறக்கச் சொன்னார். பூட்டு இறுகிப்போயிருந்தது. சவரிராயனின் மகன் இழுத்தான், வெல்டிங் கடைக்காரன் தட்டினான், அசையவில்லை. கடைசியில் யாரோ அக்னஸைக் கூப்பிடச் சொன்னார்கள்.

அவள் மண்ணெண்ணெயும் சுத்தியலும் அந்தப் பழைய கைப்பம்புக் குழாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். முதலில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நெம்பினாள். உள்ளே எங்கோ ‘டிக்’ என்றது. பிறகு குழாயைக் கொடுத்து ஒரே இழுப்பு. வளையம் தெறித்து விழுந்தது.

மூடியைத் தூக்கினார்கள். இத்தனை வருடம் காலனிக் கை படாமல் ஊர் காத்து வைத்த தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

அடியில் காய்ந்து ஒட்டிய வெள்ளை உப்பும், செத்துச் சருகாகிப்போன ஒரு பல்லியும் இருந்தன.